ராச்சோறு: கொங்கு வீட்டில் ஒரு வாரம்

கொங்கு நாட்டுப் புன்செய் ஊர்களில் ஒரு காலத்தில் ஏழை வீட்டு அடுப்பு நாளுக்கு ஒரு முறைதான் பற்றும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. பகலெல்லாம் காட்டில் களை வெட்டியவர்கள் கூலித் தானியத்தை மடியில் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். கம்போ, சோளமோ, ராகியோ, கிடைத்தது உரலுக்குப் போகும். இடித்து, புடைத்து, உலையில் போட்டு இறக்குவதற்குள் குழந்தைகள் பாதி உறங்கியிருப்பார்கள். அவர்களை எழுப்பி உட்கார வைத்து ஊட்ட வேண்டும். நாளில் சூடாகச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைத்தால், மறுநாள் காலைக்கும் காட்டுக்குக் கொண்டுபோகும் போசிக்கும் அதுவே. ஊரே ராச்சோற்றை நம்பித்தான் பிழைத்தது.

நான் சூலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அப்பாவின் மில் வேலையால் சிங்காநல்லூர்ப் பக்கம் வரிசை வீடுகள் கொண்ட ஒரு வளவில் வளர்ந்து, அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். நான் நடத்திய பாடத்தில் அணைகள் இருந்தன, ஐந்தாண்டுத் திட்டங்கள் இருந்தன, பசுமைப் புரட்சி இருந்தது. அவையெல்லாம் எங்கள் வட்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது எங்கள் வீட்டு இரவுகள் இப்படி: திங்கள் கோதுமை ரவை உப்புமா, செவ்வாய் இட்லி, புதன் சப்பாத்தி, வியாழன் ராகிக் களி, வெள்ளி அரிசிம்பருப்பு, சனி தோசை, ஞாயிறு கறிக்குழம்பு. இதையெல்லாம் பாரம்பரியச் சாப்பாடு என்று என் பேத்தி தோழிகளிடம் பெருமையாகச் சொல்கிறாள். இதில் களி ஒன்றைத் தவிர வேறெதுவும் என் அப்பத்தாவுக்கு அன்றாட ராச்சோறாக இருந்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு காரணத்தால் உள்ளே வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது, அடுப்படியில் நின்ற பெண்ணின் வேலை கூடியது அல்லது குறைந்தது. அந்தக் கணக்கைச் சேர்க்காமல் சாப்பாட்டின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

திங்கள்

1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டு மக்களிடம் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். அந்த வேளை, திங்கட்கிழமை இரவு. மழை பொய்த்திருந்தது. பாகிஸ்தானோடு போர் நடந்திருந்தது. பல ஊர்களில் திங்கள் இரவு உணவு விடுதிகள் அடைத்துக் கிடந்தன.

தானியப் பற்றாக்குறைக்கு அதுவரை கைகொடுத்தது அமெரிக்கா. அந்நாட்டின் பி.எல். 480 சட்டம் 1954இல் வந்தது. அதன் கீழ் 1956 முதல் நம் நாட்டுக்குக் கோதுமை வந்துகொண்டிருந்தது. டாலர் இல்லாத நாடு ரூபாயிலேயே தானியம் வாங்க அது வழி செய்தது. 1965க்குப் பிறகு ஜனாதிபதி ஜான்சன் அந்த வழியைச் சுருக்கி, மாதக் கணக்கில் அளந்து கப்பல் அனுப்பச் செய்தார். 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானது. அந்த நாளில் உணவு அமைச்சராக இருந்தவர் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். கப்பலை எதிர்பார்த்துக் கிடக்கும் நிலை போக வேண்டும் என்று 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை வரவழைத்தவர் அவர்.

எங்கள் வளவில் அந்தத் திங்கட்கிழமைகள் எப்படிக் கழிந்தன என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் ஆம்பளையைப் பட்டினி போட யாருக்கும் மனம் வராது. குழந்தைகளையும் போட முடியாது. அதனால் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்களும் சாப்பிடாமல் படுத்தார்கள். அப்பா சங்கடப்பட்டுக் கேட்டால், “எனக்குப் பசியில்லீங்க, நீங்க சாப்பிடுங்க” என்பார் அம்மா. நாடு கேட்டது எல்லோரிடமும். எங்கள் வளவில் கொடுத்தது பெண்கள். அந்த விரதம் சாஸ்திரியின் பெயரால் பேசப்படுகிறது. பேசப்படட்டும், அவர் நல்ல மனிதர். விட்டுக்கொடுத்த சோறு யாருடையது என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.

கோதுமை ரவை எங்களுக்கு முதலில் பள்ளிக்கூடத்து உணவாகத்தான் தெரியும். காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில், அறுபதுகளில் ‘கேர்’ அமைப்பு வழியாக அமெரிக்க உடைத்த கோதுமையும் எண்ணெயும் பால்பவுடரும் வந்தன. தட்டில் மஞ்சளாக விழும் அந்த உப்புமாவின் மணத்தை என் வயதுக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு ரேஷன் கடையில் கோதுமை போட்டபோது, அம்மா அதை மிசினில் உடைத்து வாங்கி, சின்ன வெங்காயம் தாளித்து ராத்திரிக்கு உப்புமா கிண்டினார். திங்களன்று உப்புமா என்ற வழக்கம் எங்கள் வீட்டில் அப்படி நிலைத்தது. அம்மாவும் அதைச் சாப்பிட்டார் என்பதில்தான் எனக்கு நிம்மதி.

செவ்வாய்

அப்பத்தா வீட்டில் இட்லி என்றால் தீபாவளி, பொங்கல், இல்லையென்றால் ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள் வரும் நாள். அரிசி அருமை என்பது ஒரு காரணம். ஆட்டாங்கல் இன்னொரு காரணம். உளுந்து தனி, அரிசி தனி என இரண்டு ஈடு ஆட்டி வழிக்க ஒரு பெரிய குடும்பத்துக்கு ஒரு பொழுது போய்விடும். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் உளுந்து பொங்காது. நோன்பு என்று நாங்கள் சொல்லும் பண்டிகை நாள்களுக்கு முந்தைய மாலைகளில் அம்மா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அந்தக் கல்லைச் சுழல வைத்தது எங்கள் ஊர். 1950களின் நடுவில் கோவையில் பி. சபாபதி மின்மோட்டாரில் ஓடும் மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார் என்பது ஊரறிந்த வரலாறு. பம்ப்செட்டும் மோட்டாரும் செய்யப் பழகிய பட்டறைகள் இங்கே ஏற்கெனவே இருந்தன. 1932–33இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததுமே மில்களும், மில்களுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகளும் வரிசையாக எழுந்திருந்தன. நல்ல கருங்கல் ஊத்துக்குளிப் பக்கம் கிடைத்தது. கல், மோட்டார், பட்டறைக்காரர் மூன்றும் ஒரே வட்டாரத்தில் கூடியதால்தான் கிரைண்டர் வேறெங்கும் பிறக்காமல் கோவையில் பிறந்தது. பின்னாளில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது.

முதலில் அது ஓட்டல்களுக்குத்தான் போனது. பிறகு எங்கள் வளவுக்குப் பக்கத்து வீதியில் ஒரு வீட்டுக்காரர் வாங்கிப் போட்டு, காசுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தார். ஊறிய அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில்தான் இட்லி நோன்புப் பலகாரம் என்ற நிலையிலிருந்து இறங்கி, வாரச் சாப்பாடாக மாறியது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, அது வீண் செலவு என்று பேசியவர்கள் உண்டு. ஆட்டாங்கல்லின் முன் உட்கார்ந்து வளர்ந்த எந்தப் பெண்ணிடமும் அந்தப் பேச்சைக் கேட்க முடியாது. அரசாங்கம் ஏழைப் பெண்ணின் தோள்பட்டைக்காகச் செலவழித்த பணம் அது. நான் அதை முழு மனதோடு சொல்கிறேன்.

புதன்

சப்பாத்தியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ரேஷன் கோதுமை அதற்கு வழி போட்டது, சர்க்கரை நோய் அதை நிலைக்க வைத்தது. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு, ராத்திரிக்குச் சோறு வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, அம்மா சப்பாத்தி தேய்க்கக் கற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் பல வீடுகளில் கதை இதேதான். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: சோறு ஒரே தடவையில் எல்லோருக்கும் வெந்துவிடும். சப்பாத்தியை ஒவ்வொன்றாகத் தேய்த்து, ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். நோயாளிக்கு நல்லது வந்தது, சமைப்பவளுக்கு ஒரு மணி நேரம் கூடியது.

வியாழன்

ராகிக் களிதான் இந்த வாரத்தில் வயதில் மூத்தது. கொதிக்கும் நொய்க் கஞ்சியில் ராகி மாவைக் கொட்டி, மூடி வேகவிட்டு, களிக்குச்சியால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். போசியை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்பத்தா கிண்டுவார். தொட்டுக்கொள்ளக் கொள்ளுப்பருப்பு, கீரைக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு. கம்பஞ்சோறு என்றால் வேலை இன்னும் அதிகம். தண்ணீர் தெளித்து இடித்து உமி நீக்கி, புடைத்து, மறுபடி இடித்து நொறுக்க வேண்டும். உலக்கை பிடித்த அப்பத்தாவின் உள்ளங்கை எங்கள் கன்னத்தில் படும்போது சொரசொரவென்றிருக்கும்.

இந்தத் தானியங்களுக்கென்றே கோவை வேளாண் கல்லூரி வளாகத்தில் 1923இல் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் போன்ற அறிஞர்கள் சோளத்திலும் கம்பிலும் ராகியிலும் ஆயுளைச் செலவிட்டார்கள். ‘கோ’ என்று தொடங்கும் ரகப் பெயர்களெல்லாம் கோயம்புத்தூரின் பெயர்தான். அவ்வளவு உழைப்பு நடந்த அதே ஊரில், என் பள்ளி நாள்களில் களி கொண்டுவரும் பிள்ளை தூக்குப்போசி மூடியைப் பாதி திறந்து, மறைத்துச் சாப்பிட்டது. நெல்லுச்சோறு தின்பவர் வசதியானவர், களி தின்பவர் இல்லாதவர். அந்தக் கூச்சம்தான், எந்தச் சட்டமும் செய்யாததைச் செய்து, புன்செய்த் தானியத்தை வட்டிலிலிருந்து விரட்டியது.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. களி இப்போது விருந்து மண்டபத்துக்கும் வந்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மிசினில் அரைத்த மாவு கையில் கிடைப்பதால்தான் நாம் களியைக் கொண்டாட முடிகிறது. உரலும் உலக்கையும் கொடுத்து, கம்பையும் முன்னால் வைத்துவிட்டால், நம்மில் எத்தனை பேர் பழமைக்குத் திரும்ப விரும்புவோம்? தானியம் திரும்பி வரட்டும். அந்த உலக்கை திரும்பி வர வேண்டாம்.

வெள்ளி

அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேகும் அரிசிம்பருப்பு இன்று கொங்கு வீட்டின் அடையாளம். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், வரமிளகாய், கொஞ்சம் தேங்காய், மேலே நெய். வேலைக்குப் போய்விட்டு வரும் பெண் அரை மணி நேரத்தில் இறக்கிவிடலாம். அந்த அரை மணி நேரத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் அரிசி வர வேண்டும். நெல் ஆராய்ச்சி கோவையில் 1912லேயே தொடங்கியது. 1921இல் இங்கே பிறந்த ஜி.இ.பி. 24 என்ற ரகம் நாடெங்கும் போய், எத்தனையோ நெல் ரகங்களுக்குத் தாயானது. ஆனால் ஆராய்ச்சி நிலையத்து வயலில் விளைந்த நெல்லுக்கும் எங்கள் வட்டிலுக்கும் தூரம் அதிகம். மழையையும் கிணற்றையும் நம்பிய காட்டில் நெல் விளையாது. விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் ரங்கூன் அரிசி நின்றது. சென்னை மாகாணம் பங்கீட்டுக்குப் போனது. என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பேச்சில் “கண்ட்ரோல் காலம்” என்பது ஒரு யுகத்தின் பெயர். 1952இல் ராஜாஜி முதல்வரானதும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

அரிசி பக்கத்திலேயே விளைய வழி செய்த பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் நீர் தருகிறது. ஒரு போகம் ஒரு பாதி நிலத்தின் நெல்லுக்கு, மறு போகம் மறு பாதி நிலத்துக்கு என மாற்றி மாற்றித் தண்ணீர் விடும் முறை அங்கே உண்டு. சோளம் விளைந்த காடு நெல் வயலானது. கோபிசெட்டிபாளையம் பக்கத்து அரிசி எங்கள் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்தது.

அதற்குப் பிறகும் அறுபதுகளின் நடுவில் அரிசி மறுபடி மறைந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு 3 படி தருவது இலக்கு, 1 படி தருவது உறுதி என்று தி.மு.க. சொன்னது. அண்ணா முதல்வரான அந்த ஆண்டே, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு 1 படி அரிசித் திட்டம் தொடங்கியது. சென்னைக்கு அடுத்து கோவை என்றது தற்செயல் ஆகாது. மில் தொழிலாளர் நிறைந்த ஊர் இது. கூலி வாங்கிச் சோறு வாங்கும் கூட்டம் எங்கே இருக்கிறது என்று ஆட்சிக்குத் தெரியும். அம்மா அந்த அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே, “இனி புள்ளைங்க பசின்னு படுக்காதுங்க” என்றார். அரசுக்கு அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க நீட்டப் பணம் இல்லை. ஆனால் அரிசி அரசாங்கத்தின் கடமை என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. 2011 ஜூனில் ரேஷன் அரிசி முற்றிலும் இலவசமானது அந்த வேரில் வந்த கிளை.

அடுத்தது குக்கர். பிரெஸ்டீஜும் ஹாக்கின்ஸும் 1959இல் சந்தைக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கு வர வெகு காலம் ஆனது. விறகடுப்பில் பருப்பு வேக ஒரு மணி நேரம் ஊதி ஊதி நின்ற அம்மா, குக்கர் வந்த பிறகு அந்த நேரத்தில் உட்கார்ந்து வானொலியில் நாடகம் கேட்டார். சமையலறைக்கு வெளியே, மாலை நேரத்தில், சும்மா உட்கார்ந்திருந்த அம்மாவை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சனி

கோவையின் முதல் பஞ்சாலை 1888இல் வந்தது. மில்கள் பெருகிய பிறகு ஊரின் கடிகாரம் மில் சங்குதான். மூன்று ஷிப்டு ஓடிய காலத்தில் எங்கள் வளவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதே அபூர்வம். அப்பா பகல் ஷிப்டு என்றால் மாமா அரை ராத்திரி ஷிப்டு. ஒருவர் தூக்குப்போசியோடு கிளம்பும்போது இன்னொருவர் பஞ்சுத் தூசு படிந்த தலையோடு நுழைவார். வருகிறவருக்கு வருகிற நேரத்தில் சூடாகக் கொடுக்க ஏற்றது தோசை. செவ்வாய்க்கு ஆட்டியதில் மீதி வைக்கக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாள்களில், வெள்ளியன்று மறுபடி ஆட்ட வேண்டும்.

தோசைக் கல்லின் முன்னால் நிற்பவர் மற்றவர்களோடு சாப்பிட முடியாது. கடைசித் தோசை அவருடையது. சட்னி அதற்குள் தீர்ந்திருக்கும். ஷிப்டுகளைப் பற்றித் தொழிற்சங்க வரலாறுகள் நிறைய எழுதியிருக்கின்றன. ஒரே அடுப்பு மூன்று ஷிப்டுக்கும் எரிந்ததையும், அந்த அடுப்புக்கு மட்டும் ஷிப்டு முடியாததையும் அவை எழுதவில்லை.

ஞாயிறு

வார விடுமுறை என்பதைத் தொழிலாளர் போராடிப் பெற்றார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பையும் வார ஓய்வையும் நாடெங்கும் உறுதி செய்தது. கறிக்குழம்பு அந்த ஓய்வு நாளின் சோறு. அப்பா காலையில் கால் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வருவார். கொத்தமல்லி, மிளகு, தேங்காய் வறுத்து அம்மியில் அரைத்த அந்தக் குழம்பு, ராத்திரிக்குள் ஊறி, மதியத்தைவிட ருசியாக இருக்கும். கோழி என்றால் வீட்டுக் கோழிதான், அதுவும் ஒரம்பரை வந்தால். பல்லடம், உடுமலைப் பக்கம் ஒப்பந்தப் பண்ணைகள் தொண்ணூறுகளில் பெருகிய பிறகுதான் கோழிக்கறி வாராவாரம் வந்தது. தண்ணீர் வற்றிய கிணற்றுக்காரர்களுக்குக் கோழிக் கொட்டகை ஒரு பிழைப்பானது.

எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த ஒரே ராத்திரி ஞாயிறு. அன்றும் அம்மாவும் அப்பத்தாவும் பரிமாறி முடித்துத்தான் உட்காருவார்கள். துண்டங்கள் எங்கள் வட்டிலில், குழம்பும் எலும்பும் அவர்கள் வட்டிலில். இன்று என் மகன் ஞாயிறு சமைக்கிறான், மருமகள் முதலில் உட்காருகிறாள். இதை யாரும் எங்களுக்குச் சட்டம் போட்டுத் தரவில்லை. மருமகள் கேட்டாள், மகன் கற்றுக்கொண்டான். அணையும் கிரைண்டரும் வந்ததைப் போலவே இதுவும் வரலாறுதான் என்று நினைக்கிறேன்.

வீடு வீடாக இந்த வரலாறு கிடக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். நான் என் மாணவிகளிடம் கேட்டுக்கொண்டது இதுதான்: உங்கள் பாட்டியிடம் சமையல் குறிப்பு வாங்கும்போது அளவோடு நிறுத்தாதீர்கள். தானியம் எங்கிருந்து வந்தது, யார் இடித்தார்கள், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார்கள், எத்தனை மணிக்கு அவர் சாப்பிட்டார், சாப்பிடும்போது என்ன மிச்சமிருந்தது என்று கேளுங்கள். தேதியோடு எழுதிவையுங்கள். பஞ்சத்துக்கும் அணைக்கும் தேர்தலுக்கும் நாம் வைத்திருக்கும் பதிவுகளோடு இதையும் சேர்த்தால்தான், ஒரு வாரத்து ராச்சோறு எத்தனை பேர் உழைப்பில் வெந்தது என்பது அடுத்து வருபவர்களுக்குத் தெரியும்.